ஆண்டவரிடம் மட்டும்

“அழுது ஜெபம் பண்றவங்கதான் வேணும்னு கேட்டேன். உங்களைத்தான் கை காட்டினாங்க.”

“யாரு காட்டினது?”

“உங்க வேன் ஓட்டறவருதான். ‘அதோ போகுது பாரு எங்க டேங்கர், கண்ணை மூடினாப் போதும், குடத்தை வெச்சுப் பிடிச்சுக்கலாம்’னாரு. குனிஞ்சு வாங்க சிஸ்டர். இந்தத் தகரத்துக்குப் பெரியவங்க சின்னவங்க தெரியாது.”

நர்ஸ் குனிந்து உள்ளே வந்தாள். டிரைவர் அண்ணனை மனதுக்குள் நாலு திட்டுத் திட்டினாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடமாக இந்தக் குழுவோடு ஊழியப் பயணம் வருகிறாள். வேனில் ஏறின முதல் நாளே அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மற்ற நாட்களில் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். வருடத்துக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, பாஸ்டர், அவர் மனைவி, கீபோர்டு வாசிக்கிற தம்பி, டிரைவர் அண்ணன் என்று இவர்களோடு எங்காவது கிளம்பிவிடுவாள். கஷ்டப்படுகிற ஜனங்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய், வீடு வீடாக அவர்கள் குறையைக் கேட்டு, சாயங்காலம் கூட்டம் போட்டு அவர்களுக்காக மன்றாடுவார்கள். இந்த வருடம் கல்குவாரி.

வீடு என்றால் ஒரே அறைதான். தகரக் கூரையும் தகரக் கதவுமாக ஒரு வரிசை லைன் வீடுகள், அதில் நடுவில் ஒன்று. பாத்திரம் அத்தனையும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்க் குடத்துக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் துணி, துணிக்கு மேல் ஒரு கல். இவ்வளவு செய்தும் குடிக்கும்போது கடைசி மடக்கில் பல் நறநறக்கும் என்றாள் வீட்டுக்காரி. கல் உடைக்கும் கிரஷரில் சல்லடையின் அடியில் ஜல்லி வாருகிற வேலை அவளுக்கு. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு நாள் பூராவும் நிற்பதால் முகத்தின் மேல்பாதி ஒரு நிறமாகவும் கீழ்ப்பாதி வேறு நிறமாகவும் இருந்தது. இரண்டு வெவ்வேறு பெண்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது போல இருக்கிறது என்று நர்ஸுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்காகக் கிரஷரை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் சொல்வதைச் சொல்லிவிட வேண்டும் என்பது போல வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னாள். தானும் எதிரே குந்தினாள். அதுவரை இருந்த கேலியெல்லாம் எங்கோ போய்விட்டது.

விஷயம் நெட்டையைப் பற்றியது. லாரியில் கல் ஏற்றுகிறவன். வாசல் நிலை எல்லாவற்றிலும் தலையை இடித்துக்கொள்கிற உயரம். போன வாரம் செத்துப்போனான். குடித்துவிட்டு மேட்டிலிருந்து விழுந்தான் என்று கம்பெனி சொன்னது. உடலைச் சுற்றிக் கட்டித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம், பார்க்கிற மாதிரி இல்லை என்று மேஸ்திரியே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். லைன் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் சந்தேகத்துக்கு ஏது வாய்.

நடந்தது தெரிந்த ஆள் ஒருவர்தான். அது இவள் புருஷன்.

பாறையில் டிரில் வைத்துக் குழி போடுகிறவர் அவர். வெடிமருந்து திணிப்பதும் திரி வைப்பதும் வேறு ஆள் வேலை. ஆனால் வெடிக்கிற நேரத்தில் எங்கே ஒதுங்கி நின்றாலும் அவர் காது எண்ணிக்கொண்டிருக்கும். தான் போட்ட குழி ஒவ்வொன்றும் சத்தம் கொடுத்ததா என்று. அன்றைக்கு ஒன்று குறைந்தது. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். இரண்டு குழி சேர்ந்தாற்போல வெடித்திருக்கும், உன் காதில் தூசி அடைத்திருக்கிறது, வீட்டுக்காரியை விட்டுக் குடையச் சொல் என்று மேஸ்திரி சிரித்தார். லாரி காத்திருக்கிறது என்று நெட்டையை உள்ளே அனுப்பினார். நெட்டை ஒரு கல்லிடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான்.

எண்ணிக்கையில் குறைந்துபோன அந்த ஒரு சத்தம் அப்போது கேட்டது.

“நாளன்னிக்கு விசாரிக்க அதிகாரி வர்றாராம். சொல்லிடப் போறேன்னு உக்காந்திருக்காரு இவரு. நான் வேண்டாம்ங்கறேன். சொன்னா எங்களை விட்டுவைக்க மாட்டாங்க. சொல்லலைன்னா இவரு தூங்க மாட்டாரு. படுத்தபடியே விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டே இருக்காரு சிஸ்டர். எனக்கு எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெரியல. அவருக்கு ஒரு வழி காட்டச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேளுங்க. ஆனா இது வெளிய போகக் கூடாது.”

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருந்தது.

“ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்க்கா” என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். ரகசியம் காப்பது அவளுக்குப் புதிதில்லை. வார்டில் ஒரு நோயாளிக்கு என்ன வியாதி என்று அவன் கூடப் பிறந்தவனே வந்து கெஞ்சினாலும் அவள் வாயிலிருந்து வராது. டாக்டரைக் கேளுங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உன்னிடம் சொன்னதும் கிணற்றில் போட்டதும் ஒன்று என்று தோழிகள் சொல்லுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்ற ஊழியக்காரர்கள் ஜெபக் குறிப்பை எழுதிக்கொள்வார்கள். அவள் எழுதுவதே இல்லை. கேட்டதெல்லாம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் கண்ணை மூடினால் ஒவ்வொன்றாக இறங்கி வரும்.

அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது கிரஷர் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. வெயிலில் தூசி மிதந்துகொண்டே இருந்தது, கீழே இறங்க மனமில்லாத பனி போல. இப்படி ஓர் இடத்துக்கு ஆண்டவர் வந்தால் எந்த வழியாக வருவார், லாரி வரும் வழியிலா, அந்த வெட்டுப் பாறையின் உச்சியிலிருந்தா என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். மேலே மலை பாதி இல்லை. கடித்து வைத்த ரொட்டி மாதிரி நின்றது.

*

கூட்டம் கிரஷர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் திடலில். மேனேஜர் தங்கமான மனுஷன் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். நாற்காலி அவர் கொடுத்தது, கரண்ட் அவர் ஆபீசிலிருந்து இழுத்தது, மைக் செட்டும் கம்பெனியுடையதே. ஒலிபெருக்கி, வெடிக்கு முன்னால் எல்லாரும் ஒதுங்கச் சொல்லி எச்சரிக்கை கொடுக்கிற அதே கம்பத்தில் இருந்தது. அதனால் கீபோர்டு தம்பி ஒரு விரலை வைத்தாலும் குவாரி முழுக்க எதிரொலித்தது. முதல் வரிசையில் மேஸ்திரி வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, கையில் ஒரு விசிறி. முழங்கால் வலிக்காக ஜெபிக்கும்படி காலையிலேயே நர்ஸிடம் கேட்டிருந்தார். அவருக்குப் பின்னால் லைன் வீட்டு ஜனங்கள். ஓரமாக, மடியில் குழந்தையோடு, நெட்டையின் மனைவி. அவளுக்கு இருபது வயது இருக்குமா என்பதே சந்தேகம். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குடித்துச் செத்தவன் பெண்டாட்டி என்பதற்காக இல்லை, அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாததால்.

மைக்கை நர்ஸ் கையில் கொடுக்கும் முன் பாஸ்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அவர் ஊழியமே அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. பொத்தாம் பொதுவாக ஜெபிக்காதே. இந்த ஜனங்களை ஆசீர்வதியும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போக வேன் வைத்து வர வேண்டியதில்லை. எந்த வீட்டில் எந்தக் கண்ணீர், எங்கே வலி, யார் கட்டுண்டு கிடக்கிறார்கள், எது அவிழ வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லிக் கேள். ஆண்டவருக்குத் தெரியாதா என்றால் தெரியும், ஆனால் ஜனங்களுக்காகத் திறப்பில் நின்று மன்றாடுகிறவன் தன் வாயால் சொல்ல வேண்டும்.

நர்ஸ் கண்ணை மூடினாள்.

முதலில் பிள்ளைகளின் நுரையீரலில் படிந்த தூசிக்காக ஜெபித்தாள். தண்ணீருக்காக. குடியில் மாட்டிக்கொண்டவர்களுக்காக. முழங்கால் வலிக்கிற ஒரு சகோதரனுக்காக. ஒவ்வொன்றுக்கும் ஆமென் வந்தது. ஆமென் வர வர அவள் குரல் ஏறியது. கண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் திடலும் கம்பமும் மறைந்துபோயின. அவளுக்கு இது எப்போதுமே இப்படித்தான். ஒரு நீளமான நடை வழியில் தனியாக நடந்து போய், கடைசியில் இருக்கும் கதவைத் தட்டுவது போல இருக்கும். கதவு திறந்ததும் உள்ளே ஒருவர் இருப்பார். அந்த ஒருவரிடம் பேசுவாள். அங்கே மைக் கிடையாது, நாற்காலி கிடையாது.

“அப்பா, நெட்டை குடிச்சு விழலை. உமக்குத் தெரியும். வெடிக்காத குழி வெடிச்சுச் செத்தான். அதைக் கண்ணால கண்ட ஒரு மகன் இந்த லைன்ல இருக்கான். அந்தக் குழியைப் போட்ட கை அவன் கை. ஒண்ணு குறையுதுன்னு சொன்ன வாய் அவன் வாய். நாளன்னிக்கு அதிகாரி வரும்போது அந்த வாயைத் திறந்தருளும். அவன் வீட்டுக்காரி பயத்தை எடுத்துப் போடும். அவன் நாவைக் கட்டி வெச்சிருக்கிற கட்டு இப்பவே முறியட்டும்.”

குவாரியின் சுவர் அதை வாங்கி, ஒரு நொடி கழித்துத் திருப்பிச் சொன்னது. முறியட்டும்.

இந்த முறை பாஸ்டரம்மாவும் கீபோர்டு தம்பியும் மட்டும் ஆமென் சொன்னார்கள். அப்புறம் ஒரு இடைவெளி. பிறகு முதல் வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், கனமாக, நிதானமாக ஆமென் என்றது. நர்ஸ் கண்ணைத் திறந்தாள். மேஸ்திரி விசிறியை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் முகம் போல இருந்தது.

ஜனங்களுக்கு நடுவில் அந்த வீட்டுக்காரியைத் தேடினாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் மட்டும் கிடந்தது.

கூட்டம் முடிந்ததும் மேஸ்திரி பக்கத்தில் வந்து, நன்றாக ஜெபித்தீர்கள் சிஸ்டர், முழங்கால் இப்போதே லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் போனார். அவர் நகர்ந்ததும் நெட்டையின் மனைவி வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்கலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

“அவரு குடிக்கலையா?”

 இல்லை என்று நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

“கல்யாணத்துல எங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணினாரு, தொட மாட்டேன்னு” என்றாள் அந்தப் பெண். “ஒரு வாரமா அவரைத் திட்டிட்டே இருந்துட்டேன்.” பிறகு அங்கேயே, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில், உட்கார்ந்து அழுதாள். நர்ஸும் கூட உட்கார்ந்து அழுதாள். ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நெருடத்தான் செய்தது. ஆனால் அதைப் பசி என்று எடுத்துக்கொண்டாள்.

*

பொழுது விடிந்து, தங்கியிருந்த பள்ளிக்கூட அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டரம்மா நேற்றைய ஜெபத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். மயிர்க்கூச்செறிந்தது, ஒரு அபிஷேகம் இறங்கியது என்றார். டிரைவர் அண்ணன் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. அவருக்குக் கேலி செய்யாமல் ஒரு நிமிஷம் இருக்க வராது. அன்றைக்கு இருந்தார்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். மைக்ல சொல்றமேன்னு உனக்குத் தோணவே இல்லையா?”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

வேனைக் கழுவத் தண்ணீர் தேடிப் போனவர் பார்த்திருக்கிறார். கம்பெனி ஜீப் லைன் வீட்டு வாசலில் நின்றதாம். டிரில் போடுகிறவரை ஏற்றிக்கொண்டு மேலே போனதாம். அடிக்கவில்லை, பிடிக்கவில்லை. மேஸ்திரி தோளில் கை போட்டு, மேல் குவாரியில் அவசர வேலை, நீதான் வர வேண்டும் என்று கூட்டிப் போனாராம். அந்த அம்மா பின்னாலேயே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததாம். ஜீப் நிற்கவில்லை.

டிரைவர் அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த நடை வழி நர்ஸின் கண் முன் வந்தது. இந்தத் தடவை அதில் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கதவு வரைக்கும். அவள் சொல்வதை ஒருத்தர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வார்டில் சொல்லாத வாய் இங்கே எப்படிச் சொன்னது என்று தன்னையே கேட்டாள். சொன்னதாகவே அவளுக்கு இன்னும் தோன்றவில்லை. ஆண்டவரிடம் சொல்வதை அவள் ஒரு நாளும் சொல்வது என்று நினைத்ததே கிடையாது.

பாஸ்டரிடம் போனாள். சர்க்கரை வியாதிக்காரர், காலையில் பாதத்தைப் புண் இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிற நேரம் அது. அவள் சொன்னதைக் கேட்டதும் காலைக் கீழே இறக்கினார். கெட்டவர் இல்லை. உடனே மேனேஜருக்குப் போன் செய்தார். மேனேஜர் மரியாதையாகப் பேசினார், வேலைக்குத்தான் போயிருக்கிறான், சாயங்காலம் வந்துவிடுவான், நீங்கள் கிளம்பும் முன் ஆபீஸ் வாசலில் ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள், நானும் வருகிறேன் என்றார். பாஸ்டர் போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அடுத்தடுத்து இரண்டு குவாரிக்குப் போக இந்த மேனேஜர்தான் வழி செய்து கொடுத்திருக்கிறார், அங்கேயும் ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்றார். அப்புறம், தனக்கே சொல்லிக்கொள்வது போல, பாரத்தை அவர் பாதத்தில் வைத்துவிட்டோம், இனி அதைத் தூக்க நாம் யார் என்றார்.

“நான் வெச்சது மைக்ல பாஸ்டர்” என்றாள் நர்ஸ்.

 வா, முழங்கால் போடுவோம் என்றார். அவர் முழங்காலில் நின்று கண்ணை மூடிய பிறகு நர்ஸ் எழுந்து வெளியே வந்துவிட்டாள். ஜெபத்தின் நடுவில் எழுந்து போவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

*

கதவு திறந்தே இருந்தது. குனிய மறந்துபோய்த் தகரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வீட்டுக்காரி வாங்க என்று சொல்லவில்லை. சுவரோரம் குந்தியிருந்தாள். முன்னால் அந்தச் சாப்பாட்டுத் தூக்கு. கிரஷர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. தூரத்தில், மலையின் கடிபட்ட பக்கத்திலிருந்து, ஒரு டிரில் சத்தம் வந்துகொண்டிருந்தது. நிற்கும், மறுபடி தொடங்கும்.

நர்ஸ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். வீட்டுக்காரி கையைக் காட்டித் தடுத்தாள். சத்தம் நின்றிருந்தது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருந்தார்கள். மறுபடி தொடங்கியதும்தான் அவள் கையைக் கீழே இறக்கினாள்.

“கேக்குதில்ல? அவருதான். இது கேக்கற வரைக்கும் இருக்காரு.”

மேல் குவாரியை மூடி ரொம்ப நாளாகிறது என்று மெதுவாகச் சொன்னாள். மூடினதே வெடிக்காத குழிகள் அங்கே நிறைய இருப்பதால்தான். மருந்து உள்ளேயே இருக்கிறது, மண்ணும் மழையும் மேலே மூடிவிட்டன, எது எங்கே என்று எவனுக்கும் தெரியாது. அந்தப் பாறையில் புதிதாக டிரில்லை வைக்கிறவன் தன் காலடியில் எது இருக்கிறது என்று தெரியாமல்தான் வைக்க வேண்டும். அங்கே ஒரு விபத்து நடந்தால் யாரையும் கேட்க முடியாது. நெட்டை மாதிரி இவரும் குடித்திருந்தார் என்று ஆகிவிடும். நாளைக்கு வருகிற அதிகாரி இரண்டு பேரையும் சேர்த்தே எழுதிக்கொண்டு போய்விடுவார்.

மேலே போகிற வழியில் சங்கிலி போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். அவள் போய்ப் பார்த்துவிட்டாள். காவல்காரன் அவளுக்குத் தெரிந்தவன்தான், தூரத்து உறவில் அண்ணன் முறைகூட. தூக்கையாவது வாங்கிக்கொள் அண்ணே என்றிருக்கிறாள். அவன் இவளைப் பார்க்காமலே தலையை ஆட்டி அனுப்பிவிட்டான். அங்கிருந்து ஆபீசுக்குப் போய் மேஸ்திரி காலில் விழுந்திருக்கிறாள். என் புருஷன் ஒன்றும் பார்க்கவில்லை, அன்றைக்கு அவர் காய்ச்சல் என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டார், அந்த நர்ஸம்மா வேறு யாரோ சொன்னதை எங்கள் தலையில் போட்டுவிட்டது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

“மேஸ்திரி என்ன சொன்னாரு தெரியுமா சிஸ்டர்?” அவள் குரலில் அழுகையே இல்லை. “எந்திரிம்மான்னு கையைக் கொடுத்துத் தூக்கி விட்டாரு. ‘நான் நம்பத் தயாராத்தான் இருக்கேன், ஆனா மேனேஜர் ஐயா அந்த ஜெபத்தைக் கேட்டுட்டாரே. எங்கிட்ட நீ பொய் சொல்லலாம், அதிகாரிகிட்ட உன் புருஷன் பொய் சொல்லலாம். ஆண்டவர்கிட்ட கண்ணை மூடி அழுதுக்கிட்டே ஒருத்தங்க பொய் சொல்லுவாங்களா?’ன்னாரு.”

டிரில் நின்றது. இந்தத் தடவை நீளமாக நின்றது. நர்ஸ் தன் நாடியையே தான் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். வார்டில் கடைசி மூச்சுக்காரர்களிடம் உட்காருவது போல உட்கார்ந்திருந்தாள். அடுத்தது வருமா வராதா என்று. வந்தது.

திடல் பக்கமிருந்து கீபோர்டு தம்பியின் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஹலோ, ஹலோ, செக், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், செக். கிளம்புவதற்கு முன்னாலான ஜெபத்துக்கு மைக்கைக் கட்டிவிட்டார்கள். லைன் வீட்டு ஜனங்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டிப் போனார்கள். போகிறவர்கள் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் போனார்கள். நெட்டையின் மனைவி மட்டும் வாசலில் நின்றாள். குழந்தைக்குப் பொட்டு வைக்காமல், ஆனால் தலை வாரிச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். நேற்றையைவிட இன்றைக்கு அவள் நிமிர்ந்து நின்றாள். நர்ஸைப் பார்த்து, முன்னாலேயே இடம் பிடித்து உட்காரப் போகிறேன், இன்றைக்கும் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

 வீட்டுக்காரி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் அவளும் ஒரே நாளில் இந்த லைனுக்குக் குடி வந்தவர்கள் என்று நேற்றே சொல்லியிருந்தாள். அவள் பிள்ளைக்கு முதல் குளியல் இவள் ஊற்றியது.

பிறகு எழுந்து வந்து நர்ஸின் எதிரில் முழங்கால் போட்டாள். கும்பிடுவதற்காக இல்லை. காதுக்குப் பக்கத்தில் வருவதற்காக. அவள் தலைமுடியில் கல்தூசி வாசனை அடித்தது.

“நான் உங்களைத் திட்ட மாட்டேன் சிஸ்டர். எனக்கு நேரமில்ல. மேனேஜர் வந்து உக்காரப் போறாரு, மேஸ்திரியும் இருப்பாரு. நீங்க மைக்கை வாங்குங்க. அதே மாதிரி கண்ணை மூடுங்க, அதே மாதிரி அழுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஆண்டவர்கிட்ட சொல்லுங்க, நேத்து தப்பாச் சொல்லிட்டேன், அந்த ஆளு ஒண்ணும் பாக்கலை, நெட்டை குடிச்சுத்தான் விழுந்தான்னு. உங்க வாயால சொன்னா நம்புவாங்க. சொல்றீங்களா?”